தங்கிய நாளும் கணக்கில் ஏறிய நாளும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இரண்டு விதமான நாட்கணக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஒன்று, ஓசூர் சிப்காட்டை ஒட்டி எழுந்திருக்கும் அடுக்ககங்களில் நடப்பது. மகனோ மகளோ அமெரிக்காவில், கனடாவில் இருக்கும் வீடுகளில் பெற்றோருக்குத் தேதிகள் மனப்பாடம். எப்போது வந்தார்கள், எப்போது கிளம்பினார்கள், இந்தத் தடவை எத்தனை நாள் தங்கலாம் என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். “ஆறு மாசத்துக்கு மேல இங்க இருந்தா சிட்டிசன்ஷிப் கணக்கு கெட்டுப்போயிடுமாம்” என்று தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தைக்கூட அந்தக் கணக்குக்கு ஏற்ப முன்னே பின்னே தள்ளிவைப்பார்கள்.

மற்றொன்று, ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணை அருகே உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் நடப்பது. இங்கே கணக்கை வைத்திருப்பது அரசு. தமிழ்நாட்டின் எல்லா முகாம்களையும் போலவே இங்கும் குறிப்பிட்ட நாளில் வருவாய்த் துறை அலுவலர் வருவார், பெயர் வாசிக்கப்படும், ஆள் நேரில் நிற்க வேண்டும். முகாம்வாசிகள் இதைச் ‘செக்கிங்’ என்பார்கள். பெயின்ட் அடிக்க வெளியூர் போனவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு ஓடி வருவார். வராவிட்டால் பணக்கொடை நிற்கும். பதிவில் பெயர் நிலைக்குமா என்ற பயமும் உண்டு.

முதல் வீட்டின் மகன் இன்னொரு நாட்டில் தான் இருந்த நாட்களைத் தானே எண்ணி, தானே நிரூபிக்க வேண்டும். முகாமில் இருப்பவர் இந்த நாட்டில் இருந்த நாட்களை அரசே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எண்ணி வைத்திருக்கிறது. ஆனால் முன்னவரின் கணக்கு ஒருநாள் குடியுரிமையில் போய் முடியும். பின்னவரின் கணக்கு முடியாது. குடியுரிமைக்கான ‘வசிப்புத் தகுதி’ என்பது வெறும் கூட்டல் கணக்கு அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். எந்த நாளைச் சட்டம் நாளாக ஒப்புக்கொள்கிறது, எந்த நாளைத் தள்ளுகிறது, ஏன் தள்ளுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஒரு நாள் எப்போது நாளாகிறது

உலக நாடுகளின் குடியுரிமைச் சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஆண்டுகளின் எண்ணிக்கைதான் முதலில் கண்ணில் படும்: இங்கே ஐந்து, அங்கே பத்து, இன்னோரிடத்தில் பன்னிரண்டு. ஆனால் அந்த எண்ணுக்கு முன்னால் மூன்று சல்லடைகள் இருக்கின்றன. அன்றைக்கு உடம்பு அந்த நாட்டு எல்லைக்குள் இருந்ததா என்பது முதல் சல்லடை. எந்த அனுமதியின் பேரில் இருந்தார் என்பது இரண்டாவது. இடையில் வெளியே போயிருந்தால், குடித்தனம் அங்கேயே தொடர்ந்ததா அல்லது அறுந்துவிட்டதா என்பது மூன்றாவது. இந்த மூன்றிலும் சலித்து விழுந்தால்தான் ஒரு நாள் கணக்கில் ஏறும்.

இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இப்படித்தான். வெளிநாட்டவர் இயல்புரிமையாகக் குடியுரிமை கேட்க வேண்டுமானால், மூன்றாம் அட்டவணைப்படி விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும். இந்திய வம்சாவளியினர் பதிவு மூலம் பெறுவதற்கு ஏழாண்டு வசிப்பு. அதுவும் கடைசி 12 மாதம் முழுதாக, அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் ஆறு ஆண்டு என்ற கணக்கு. அந்த 12 மாதத்தில் விட்டு விட்டு அதிகபட்சம் 30 நாள் வெளியே போயிருந்தால் மத்திய அரசு பொறுத்துக்கொள்ளலாம் என்று 2015இல் ஒரு திருத்தம் வந்தது.

கடல் தாண்டிப் போனவர்களின் கணக்கு

வாகனம், கடிகாரம், மின்னணுப் பாகங்கள் என்று எழுபதுகளிலிருந்து வளர்ந்த ஓசூர், பொறியாளர்களை உள்ளே இழுத்த அளவுக்கு வெளியேயும் அனுப்பியிருக்கிறது. போனவர்களில் பலருக்கு நடுவில் ஒரு சிக்கல் வருகிறது. அங்கே நிரந்தர வசிப்புரிமை கிடைத்த பிறகு, நிறுவனம் திட்டப் பணிக்காக இந்தியாவுக்கே அனுப்பும். அல்லது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் கூடவே இருக்க வேண்டிவரும். குடியுரிமைக் கணக்கு தடுமாறும் இடம் இதுதான்.

அமெரிக்காவில் கிரீன் கார்டு கிடைத்து ஐந்தாண்டு ‘தொடர் வசிப்பு’ இருக்க வேண்டும். அந்த ஐந்தாண்டில் குறைந்தது 30 மாதம் உடல் அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து கூட வாழ்ந்தால் மூன்றாண்டும் 18 மாதமும் போதும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகச் சந்தேகிப்பார்கள். இல்லை என்று விண்ணப்பதாரர்தான் காட்ட வேண்டும். ஓராண்டு ஆகிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை, அறுந்ததுதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு 2019 ஜூன் 10 அன்று கிரீன் கார்டு கிடைக்கிறது. 2021 ஏப்ரல் 1 அன்று ஓசூருக்கு வருகிறார். 2022 மே 20 அன்று திரும்புகிறார். கிளம்பும் முன்பே ‘மறுநுழைவு அனுமதி’ வாங்கி வைத்திருந்ததால் கார்டு பிழைத்துக்கொள்கிறது. ஆனால் கணக்கு பிழைக்கவில்லை. வெளியே போகாமல் இருந்திருந்தால் 2024 ஜூனில் ஐந்தாண்டு நிறைந்திருக்கும். இப்போது திரும்பிய நாளிலிருந்து குறைந்தது நான்காண்டும் ஒரு நாளும் காத்திருந்து, 2026 மே மாதத்தில்தான் விண்ணப்பத்தைத் தொட முடியும். அப்போதும் ‘ஆறு மாதத்துக்கு மேல் ஏன் போனாய்’ என்ற கேள்வி பாக்கி இருக்கும். அந்த வம்பே வேண்டாம் என்றால் நான்கரை ஆண்டு. ஓசூரில் கழித்த பதின்மூன்றரை மாதத்துக்கு அவர் கொடுக்கும் விலை குறைந்தது ஏறக்குறைய இரண்டாண்டு.

இதற்கு மாற்றுவழியும் சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்க நிறுவனத்தின் அயல்நாட்டு வணிகத்துக்காகவோ, அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனத்துக்காகவோ வெளியே அனுப்பப்படுபவர், என்-470 என்ற படிவத்தின் மூலம் தொடர்ச்சியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதற்கு, கிரீன் கார்டு வந்தபின் ஒரு நாள்கூட வெளியே போகாமல் ஓராண்டு அங்கே இருந்திருக்க வேண்டும். அப்படிக் காப்பாற்றுவதும் தொடர்ச்சியை மட்டும்தான். அரசுப் பணியாளர் அல்லாதவர்கள் 30 மாத உடலிருப்பை எப்படியும் நிறைவேற்றியாக வேண்டும்.

மற்ற நாடுகளில் வடிவம் வேறு, உள்ளுறை ஒன்றே. பிரிட்டனில் ஐந்தாண்டில் 450 நாளுக்கு மேல் வெளியே இருக்கலாகாது. கடைசி 12 மாதத்தில் 90 நாள்தான் இடம். ஆஸ்திரேலியாவில் நான்காண்டு; அதில் மொத்தம் 12 மாதமும் கடைசி ஆண்டில் 90 நாளும் வெளியே இருக்கலாம். ஜெர்மனி 2024 ஜூனில் எட்டாண்டை ஐந்தாக்கியது; இரட்டைக் குடியுரிமையையும் அனுமதித்தது. ஆனால் நம் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்ற கணத்தில் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பதால், ஓசூர்ப் பொறியாளருக்கு அந்தத் தாராளம் உதவுவதில்லை.

இந்த வரிசையில் கனடாவின் கணக்கு தனித்துக் கவனிக்கத்தக்கது. அங்கே ஐந்தாண்டில் 1,095 நாள் உடலோடு இருந்தால் போதும். தொடர்ச்சி, நோக்கம் என்ற விசாரணை இல்லை. நிரந்தர வசிப்புரிமை கிடைப்பதற்கு முன்பு மாணவராகவோ தற்காலிகப் பணியாளராகவோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும். இப்படி அதிகபட்சம் 365 நாள் வரை சேர்க்கலாம். அகதிக் காப்பு பெற்றவரின் நாளுக்கும் அதே அரை மதிப்பு உண்டு.

அமெரிக்காவில் அந்த அரை நாளும் கிடையாது. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் இல்லை. இந்த உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை பல்லாண்டு நீள்கிறது. எச்-1பி விசாவில் பதினைந்து ஆண்டு வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவருக்கும் குடியுரிமைக் கடிகாரம் கிரீன் கார்டு கைக்கு வந்த நாளில்தான் முதல் முறை அடிக்கிறது. முதல் சல்லடையில் தேறிய அத்தனை நாட்களும் இரண்டாவது சல்லடையில் நின்றுவிடுகின்றன.

அணைக்கரையின் கணக்கு

அந்த இரண்டாவது சல்லடை எவ்வளவு கனமானது என்பதைப் பாம்பாறு போன்ற முகாம்களில்தான் முழுதாகப் பார்க்க முடியும்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின், அலை அலையாக 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கையிலிருந்து தமிழ்நாடு வந்தார்கள். பலர் திரும்பினார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்ந்தவர்கள் 34,087 பேர். அப்போதுதான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ரூ.317.40 கோடித் திட்டத்தையும் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதையும் அறிவித்தார். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. வீடு மாறியது, பெயர்ப்பலகை மாறியது. சட்டநிலை மாறவில்லை, அதை மாற்றும் அதிகாரம் மாநிலத்திடம் இல்லை.

சட்டநிலை என்ன? குடியுரிமைச் சட்டத்தில் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லுக்கு வரையறை கொடுத்தது. செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்தவர், அல்லது அனுமதிக்காலம் முடிந்தும் தங்கியவர். அப்படிப்பட்டவர் பதிவு மூலமாகவோ இயல்புரிமையாகவோ குடியுரிமை கேட்க முடியாது. தலைமன்னார்ப் பக்கமிருந்து இரவில் படகேறி இராமேசுவரத்து மணல்திட்டில் இறங்கியவரிடம் கடவுச்சீட்டு இருக்குமா? அவரை மண்டபம் முகாமுக்கு அழைத்துச் சென்று பதிந்து, அட்டை கொடுத்து, கிருஷ்ணகிரிக்குப் பேருந்து ஏற்றியது அரசுதான். ஆனாலும் இறங்கிய அந்த ஒரு நாள், அதற்குப் பின் வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்களைச் செல்லாக்காசாக்கிவிடுகிறது.

பிள்ளைகளின் நிலை இன்னும் நுட்பமானது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த எவரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். அதன்பின் 2004 டிசம்பர் 3 வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அதற்கும் பின் என்றால், இருவரும் இந்தியராகவோ, ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவோ இருக்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு தர வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது இந்தக் கோட்டின் அடிப்படையில்தான். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். ஒன்றரை ஆண்டு தள்ளிப் பிறந்திருந்தால், அதே முகாமில், அதே பெற்றோருக்குப் பிறந்த அவருக்கு அது வாய்த்திருக்காது.

2019இன் திருத்தச் சட்டம் இந்தத் தடையை ஒரு சாராருக்கு விலக்கியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தாரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக் கூடாது என்றது. அவர்களுக்கு 11 ஆண்டு வசிப்பை ஐந்தாகவும் குறைத்தது. விதிகள் 2024 மார்ச் 11 அன்று வெளியாயின. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்கு நேர் எதிர்முனையில், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டையை வைத்திருப்பவர் நிற்கிறார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட ஓசூர்க்காரர் மனம் மாறி மீண்டும் இந்தியராக விரும்பினால், ஓ.சி.ஐ. பதிவாகி ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இங்கே வசித்திருக்க வேண்டும். முதல் நான்காண்டை நியூஜெர்சியிலேயே கழித்திருந்தாலும் குற்றமில்லை. நியூஜெர்சியில் நான்காண்டும் ஓசூரில் ஓராண்டும் இருந்தவருக்குத் திறக்கும் கதவு, 1990இல் வந்து ஊத்தங்கரையில் முப்பத்தைந்து ஆண்டு இருந்தவருக்குத் திறக்காது. அதே 1990இல் டொராண்டோவுக்குத் தப்பிப் போன அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன், வந்த சில ஆண்டுகளிலேயே கனடியராகி, இன்று விடுமுறைக்குச் சென்னை வந்து போகிறார்.

ஏழாண்டு, பத்தாண்டு: இலங்கையின் பழைய கணக்கு

முகாம்களில் உள்ளவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர், அதாவது இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்தோர். அவர்களுக்கு இந்த நாட்கணக்கு புதிதல்ல. மூன்று தலைமுறையாகத் துரத்தி வருகிறது.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை வெளியே தள்ளியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர் சட்டம் ஒரு வழியைத் திறந்தது போலத் தோன்றியது: 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவருக்கு ஏழாண்டும் மணமாகாதவருக்குப் பத்தாண்டும் இடையறாத வசிப்பு. ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் வசிப்பு அறுந்தது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஊர்களுக்குக் கல்யாணம், கருமாதி, குலதெய்வக் காரியம் என்று போய் வந்தவர்களின் வாழ்க்கை அந்தப் பன்னிரண்டு மாதக் கோலால் அளக்கப்பட்டது. லயத்தில் குடியிருந்தவரிடம் பத்தாண்டு வசிப்புக்குத் தாள் ஆதாரம் ஏது? எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்ததோ சுமார் 1.34 லட்சம் பேருக்கு. இன்று கிரீன் கார்டுக்காரரைப் பயமுறுத்தும் ‘ஓராண்டு வெளியே இருந்தால் அறுந்தது’ என்ற விதி, அன்றே நம்மவர்களின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது.

1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் 1974இல் சரிபாதி. யாருக்கு எந்த நாடு என்பதில் வசித்த ஆண்டுகள் பின்னுக்குப் போய், ஒதுக்கீட்டு எண் முன்னுக்கு வந்தது. 1984இல் இவர்களை இந்தியாவுக்கு ஏற்றி வந்த கப்பல் நின்றது. ஒப்பந்தம் பாதியில் தொங்கியது.

கடைசியில் 2003இல் இலங்கை ஒரு சட்டம் போட்டது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் குடியுரிமை. நல்ல சட்டம்தான், ஆனால் ‘வசித்துவரும்’ என்ற சொல் போருக்கு அஞ்சித் தமிழ்நாடு வந்தவர்களைக் கைவிட்டது. உயிருக்குப் பயந்து ஓடியதே வசிப்பின் முறிவாகிவிட்டது. 2009இல் அதைத் திருத்தினார்கள்: 1964க்குப் பின் கட்டாயத்தால் இந்தியாவில் தங்க நேர்ந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்றார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் நாடற்றிருந்த சுமார் 28,500 பேரை மனத்தில் வைத்துச் செய்த திருத்தம் இது. வெளிநாட்டில் இருந்தபடியே வசிப்புத் தகுதி தொடரலாம், விருப்பமின்றிப் போன நாட்களை முறிவாக எண்ணக் கூடாது என்று ஒரு சட்டமன்றம் ஒப்புக்கொண்ட அரிய உதாரணம் அது.

ஆனாலும் காகிதம் விடவில்லை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை வம்சாவளியால் இலங்கையர் ஆக, பிறப்பைத் தூதரகத்தில் பதிய வேண்டும். இந்தியச் சட்டம் தள்ளி, இலங்கைப் பதிவும் இல்லாமல் போனால், அந்தப் பிள்ளை இரண்டுக்கும் நடுவே நிற்கும். எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல ஆண்டுகளாக முகாம் முகாமாகப் பிறப்புப் பதிவுக்கு அலைந்தது இதற்காகத்தான்.

அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம்

இந்த நாட்கணக்கு நாடுகளுக்கு இடையில் மட்டும் இல்லை. ஜூஜுவாடியில் தமிழ்நாடு முடிந்து அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்கும் இடத்தில் வாழ்பவர்களுக்கு அதன் சின்ன உருவம் தினமும் எதிர்ப்படுகிறது. வீடு ஓசூரில், வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில், பிள்ளைக்குப் பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் என்று வாழும் குடும்பங்கள் ஏராளம். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதுதான், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்த மாநிலத்தில் படித்தாய் என்ற கேள்வி எழும். வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை ‘நேட்டிவிட்டி’ சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்கும். 1956இல் மாநில எல்லைக் கோடு கிழித்தபோது தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளோடு சென்னை மாநிலத்தில் நின்ற ஓசூருக்கு, ‘நீ எந்த ஊர்க்காரன்’ என்ற கேள்வி பழையது.

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்த வேலை ஒதுக்கீட்டு மசோதா, ‘உள்ளூர்க்காரர்’ யார் என்று வரையறுத்தது: கர்நாடகத்தில் பிறந்து, பதினைந்து ஆண்டு அங்கே வசித்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவர். எதிர்ப்பு கிளம்பவே இரண்டே நாளில் நிறுத்தி வைத்தார்கள். அந்த வரையறையைக் கவனித்தால், அது ஒரு குடியுரிமைச் சட்டத்தின் வாய்பாடு. இந்தியாவே வெளிநாட்டவரிடம் கேட்பது பன்னிரண்டு ஆண்டுதான்!

இந்தியருக்கு ஒரே வசிப்பிடம்தான் உண்டு, அது இந்தியா. ‘மாநிலக் குடித்தனம்’ என்ற ஒன்று சட்டத்தில் இல்லை என்று 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கிலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் முதுநிலை மருத்துவ இடங்களில் வசிப்பிட ஒதுக்கீடு செல்லாது என்றபோதும் அதையே வழிமொழிந்தது. குடிமகனுக்கு இந்தக் காப்பு இருக்கிறது. ஜார்க்கண்டிலிருந்து ஓசூர் ஆலைக்கு வந்த பெண் தொழிலாளி மறுநாளே இந்த மண்ணில் உரிமையோடு நிற்கிறார். அவர் பேருந்தில் கடந்துபோகும் முகாமில் பிறந்து, தமிழ்வழிப் பள்ளியில் படித்து முடித்த பெண்ணுக்கு அது இல்லை.

கறாரான கணக்குக்கு என்ன நியாயம்

வசிப்பு விதி வேண்டாம் என்று சொல்வது எளிது, சரியல்ல. வசிக்காதவருக்குக் குடியுரிமை விற்றால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு வழக்குகள் சாட்சி. நோட்டெபோம் என்ற ஜெர்மானிய வணிகர் 1905 முதல் குவாதமாலாவில் வாழ்ந்தவர். 1939இல் லிச்டென்ஸ்டைனில் மூன்றாண்டு வசிப்பு விதியிலிருந்து விலக்குப் பெற்று, பணம் கட்டி அந்நாட்டுக் குடிமகனானார். 1955இல் சர்வதேச நீதிமன்றம் அந்தக் குடியுரிமையைக் குவாதமாலா மதிக்க வேண்டியதில்லை என்றது; மெய்யான பிணைப்பு வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம், முதலீட்டுக்குக் குடியுரிமை தந்த மால்டாவின் திட்டத்தைச் சட்டவிரோதம் என்றது. இரண்டிலும் நீதிமன்றங்கள் தேடியது வாழ்ந்து காட்டிய உறவை.

இந்திய அரசின் தரப்பிலும் வாதங்கள் உண்டு. எல்லையை மீறி நுழைந்தவருக்குத் தங்கிய காலத்தையே தகுதியாக்கினால், மீறலுக்குப் பரிசு கொடுத்ததாகாதா? இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிக்குக் குடியுரிமை தந்தாக வேண்டும் என்ற கடப்பாடு இல்லை. இந்தியா எல்லோரையும் வைத்துப் பார்க்கும் சத்திரமல்ல என்ற பொருளில் உச்சநீதிமன்ற அமர்வு ஒன்று 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் கூறியதும் இந்த மனநிலையில்தான். போர் முடிந்துவிட்டது, திரும்பலாமே என்பதும் ஒரு வாதம். திரும்ப விரும்புவோரும் இருக்கிறார்கள். முகாமில் எல்லோரும் இந்தியக் குடியுரிமைக்காகக் காத்திருப்பதாக நினைப்பது தவறு.

ஆனால் இந்த வாதங்கள் முகாமுக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. ஒளிந்து தங்கியவர்களுக்கும், அரசே பதிந்து, அரசே இடம் காட்டி, அரசே எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கும் வேறுபாடு உண்டு. மால்டாவில் காணாமல் போன பிணைப்பு இங்கே மிகுதியாகவே இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஜூனில், திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில், இந்திய வம்சாவளியினரான அவர்களை இவ்வளவு காலம் கண்காணிப்பு நிலையில் வைத்திருப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்பைப் புண்படுத்துகிறது என்று கருதினார். விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்கச் சொன்னார்.

பதிவேட்டின் பயன்

2025 செப்டம்பர் 1 அன்று ஒரு சிறு நகர்வு நடந்தது. புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டத்தோடு வந்த விலக்களிப்பு ஆணை, 2015 ஜனவரி 9க்குள் இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விடுவித்தது. குடியுரிமையை அது தரவில்லை. ஆனால் அரசு தானே பதிந்தவரைத் தானே குற்றவாளியாகப் பார்க்கும் முரணில் பாதியை அது கழித்துவிட்டது. மீதிப் பாதி குடியுரிமைச் சட்டத்தின் வரையறையில் இருக்கிறது.

அதைக் கழிக்க இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, 2019இல் மூன்று நாட்டாருக்குச் செய்ததைப் போல, பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லிலிருந்து விலக்குவது. அதன்பின் வம்சாவளியினருக்கு ஏழாண்டு, மற்றவர்க்குப் பன்னிரண்டு ஆண்டு என்ற இப்போதைய விதியே போதும். ஒரு நாளையும் குறைக்க வேண்டியதில்லை. இரண்டு, முழு நாளாக ஏற்கத் தயக்கம் இருந்தால், கனடா செய்வதைப் போல முகாம் நாளை அரை நாளாகவாவது எண்ணுவது. 1990இல் வந்தவருக்கு அரைக் கணக்கிலும் பதினேழு ஆண்டுக்கு மேல் தேறும். திரும்பிப் போக விரும்புவோருக்கு இலங்கையின் 2009 திருத்தம் காட்டிய பாதை இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது பிறப்புப் பதிவும் பயணத் தாளும்.

வெளிநாட்டில் குடியுரிமை கேட்கும் நம்மவர் பழைய கடவுச்சீட்டுகளையும் விமான அட்டைகளையும் வாடகை ரசீதுகளையும் தேடி எடுத்து ஒவ்வொரு நாளையும் மெய்ப்பிக்கிறார். பாம்பாறு முகாமில் இருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவருடைய ஒவ்வொரு செக்கிங்கும் அரசு அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிறது. அடுத்த செக்கிங்குக்கும் பெயின்ட் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் வருவார், பெயர் வாசிப்பார்கள், கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து எதற்குச் சான்று என்பதை இனி நாடாளுமன்றம்தான் சொல்ல வேண்டும்.